கருவை முள்ளும் ஃப்ரிட்ஜ் கதவு மருந்தும்

போன வாரம் பஸ்ஸில் எனக்கு மூன்று பேர் உட்காரும் சீட் முழுசாகக் கிடைத்தது.

தஞ்சாவூரிலிருந்து குத்தாலம் வழியாக மயிலாடுதுறை போகிற பஸ். முகூர்த்த நாள். படிக்கட்டு வரை கூட்டம். என் மனைவி மல்லிகா முன்பக்கம் பெண்கள் சீட்டில் இடம் பிடித்துவிட்டாள். எனக்குப் பின்னால் ஜன்னலோரம். பக்கத்தில் பட்டு வேட்டியில் ஒருவர், அவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர். அய்யம்பேட்டை வரை சுமுகமாகத்தான் போனது. அப்புறம் வேட்டிக்காரர் மணி கேட்பதற்காக என் பக்கம் திரும்பினார். என் வலது கண்ணைப் பார்த்தார்.

"சார்... 'மெட்ராஸ் ஐ'யா?"

"இல்லீங்க. முள்ளு அடிச்சது. ஒட்டாது."

"எப்ப அடிச்சுது?"

"வைகாசியில."

"இப்ப ஆவணி நடக்குது," என்றார். குரலில் ஒரு போலீஸ்தனம். எழுந்துவிட்டார். கூடவே அடுத்தவரும். அந்த நெரிசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்களே தவிர, கும்பகோணம் வரை இரண்டு பேரும் உட்காரவில்லை.

பக்கத்தில் உட்காரப் பயந்தவர் வைத்தியம் சொல்லப் பயப்படவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "நந்தியாவட்டைப் பூவ ராத்திரியில கண்ணு மேல வச்சுக் கட்டுங்க சார். பளிங்கு மாதிரி ஆயிடும்," என்றார். பின்சீட்டு அம்மா ஒருவர், "பூவெல்லாம் எதுக்கு? சின்ன வெங்காயத்தப் புழிஞ்சு ஒரு சொட்டு விடணும். எரியும். எரிஞ்சாத்தான் மருந்து," என்றார். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடியே, "வெளக்கெண்ணெய்," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவருக்கு வேலை இருந்தது.

எல்லோருக்கும் தலையாட்டினேன். சண்டை போடத் தெம்பில்லை. வைகாசியிலிருந்து தலையாட்டித் தலையாட்டி இப்போது கழுத்து வலியும் சேர்ந்துவிட்டது. பால் பூத்தில், ரேஷன் கடையில், கல்யாணப் பந்தியில்... எங்கே போனாலும் "கண்ணுல என்ன?" நான் பதிலை முடிப்பதற்குள் ஒரு வைத்தியம். எங்கே இந்தப் பக்கத்தில் உங்களைக் காணோம் என்று கேட்ட வாசகர்களுக்கும் இதுதான் பதில். ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். இனிமேல் யாராவது கேட்டால் பேப்பரை நீட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமே — அந்தச் சுயநலம்தான்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் மல்லிகாவின் தம்பி பாஸ்கர் விவசாயம் பார்க்கிறான். அதில் எங்களுக்கும் ஒரு துண்டு உண்டு. நான் அவ்வப்போது போய், வரப்பில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலாபக்கமும் பார்ப்பேன். அதற்குப் பெயர் வெள்ளாமை பார்ப்பது. பார்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டு, பஸ் ஏறிவிடுவேன்.

வைகாசியில் பாஸ்கர் குறுவைக்கு நாற்று விட்டிருந்தான். பம்ப்செட் தண்ணீர். சுற்றி இருக்கிற வயலெல்லாம் தரிசு. ஊர் ஆடு மொத்தமும் அவிழ்த்துவிட்டபடி மேய்கிற காலம் அது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் பச்சையாக இருப்பது இவன் நாற்றங்கால் ஒன்றுதான் என்றால் ஆடு எங்கே வரும்? அதனால் சுற்றிலும் முள் அடைக்க வேண்டும். நாற்றுப் பறித்து நட்டுவிட்டால் முடிந்துவிடுகிற காவலுக்கு யார் கம்பி வேலி போடுவார்கள்? வாய்க்கால் கரையில் காட்டுக்கருவை காடாக நிற்கிறது. ஒருவர் அரிவாளால் அடியில் வெட்ட, இன்னொருவர் கவட்டைக் கொம்பால் கிளையை அழுத்திப் பிடித்து, பிறகு இழுத்துப்போட வேண்டும். இரண்டு ஆள் வேலை.

அன்றைக்கு இரண்டாவது ஆள் வரவில்லை. நான் வந்திருந்தேன்.

"நீங்க வேணாம் அத்தான். நெழல்ல உக்காருங்க," என்றான் பாஸ்கர்.

"ஏன், என்னால முடியாதா?"

"முடியும். அப்புறம் ஒரு வாரத்துக்கு அக்கா எனக்கு போன் பண்ணிக்கிட்டே இருக்கும்."

ரோஷம் வந்துவிட்டது. கொம்பை வாங்கினேன். முதல் நாலைந்து கிளை ஒழுங்காகத்தான் வந்தது. இந்தச் சாதனையைப் பார்க்க ஒருத்தரும் இல்லையே என்று இருந்தது. சரி, பத்திக்காவது ஆகும் என்று செல்போனை எடுத்தேன். ஒரு கையில் கொம்பு, மறு கையில் போன். கொம்புக்கு அடியில் கிளை வில்லாக வளைந்து நிற்கிறது. பாஸ்கர் குனிந்தபடி, "அழுத்திப் புடிங்க அத்தான்," என்கிறான். நான் உழைப்பாளி முகம் ஒன்றை வரவழைத்துக்கொண்டு போனைப் பார்க்கிறேன்...

கிளை விடுபட்டு வந்து முகத்தில் அறைந்தது.

கண்ணாடி என்ன ஆனது என்று கேட்பீர்கள். எப்போதும் போடுகிறவன்தான். போட்டோவில் எடுப்பாக இருக்காது என்று கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதற்கு ஒரு கீறல் விழவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். என் இடது கண் பேருக்குத்தான். பிறந்ததிலிருந்தே சோம்பேறி. அந்தக் கண்ணால் ஆள் வருவது தெரியும், யார் வருவது என்று தெரியாது. படிப்பது, எழுதுவது, ரோடு கடப்பது, மனைவியின் முகத்தில் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிப்பது — எல்லாம் வலது கண்ணின் உழைப்பு. வீட்டில் சம்பாதிக்கிற ஒரே பிள்ளை மாதிரி. முள் அந்தப் பிள்ளையைத்தான் தேடிப்பிடித்து அடித்தது.

இமையைத் திறந்தால் வெயில் குத்தியது. மூடினால் முள் குத்தியது. உள்ளே முள் எதுவும் இல்லை, கீறிவிட்டுப் போய்விட்டது. ஆனால் இருப்பது போலவே இருந்தது. என்ன செய்தேன்? தோளில் கிடந்த துண்டால் கசக்கினேன். பம்ப்செட் தொட்டியில் பாசியை விலக்கிவிட்டு, தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டேன். கசக்கியது தப்பு. தொட்டித் தண்ணீர் அதைவிடத் தப்பு. அப்போது யாருக்குத் தெரியும்?

பாஸ்கர் வீட்டுக்கு ஓடினான். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்ன கிண்ணம். காலியாக இருந்தது.

"என்ன மாப்ளே இது?"

"அடுத்த வீட்டுல பொண்ணு பிரசவத்துக்கு வந்துருக்கு அத்தான். ரெண்டு சொட்டு தாய்ப்பால் கேட்டு வாங்கியாறேன். கண்ணுல விட்டா சில்லுன்னு ஆயிடும்."

"எனக்குப் பேரன் எடுக்கிற வயசுடா."

"கண்ணுக்குத்தானே அத்தான். வயசையா கேக்கப் போறாங்க?"

வேண்டாம் என்றேன். விஞ்ஞான அறிவால் இல்லை, வெட்கத்தால். ஆனால் ஊர் திரும்புகிற பஸ்ஸில் அதை விஞ்ஞான அறிவாக மாற்றிக்கொண்டேன். படித்தவன் இந்த மாதிரி நாட்டு வைத்தியத்துக்கெல்லாம் மசியலாமா? முறையாக இங்கிலீஷ் மருந்துதான்.

முறையான இங்கிலீஷ் மருந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது. போன வருஷம் மல்லிகாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டு மருந்து. பாதி பாட்டில் மிச்சம். பாதி பாட்டில் மருந்தைத் தூக்கிப்போட நம் வீடுகளில் யாருக்கு மனசு வரும்? இருமல் சிரப், காதுக்கு விட்டது, பல்லுக்கு வாங்கியது என்று ஒரு வரிசை. பக்கத்திலேயே தேங்காய் மூடி, இஞ்சி. கண் மருந்துதானே, கண்ணுக்குத்தானே விடுகிறோம்? விட்டேன்.

அற்புதமாக வேலை செய்தது. அதுதான் கொடுமை. மறுநாளே சிவப்பு குறைந்தது. வலி மட்டுப்பட்டது. பாஸ்கருக்கு போன் போட்டு, படித்தவன் செய்கிற வைத்தியம் எப்படி இருக்கும் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவனும், "சரிங்க அத்தான், சரிங்க அத்தான்," என்று கேட்டுக்கொண்டான். பின்னணியில் ஆடு கத்துவது கேட்டது.

வாரம் முடிவதற்குள் கண் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை வேறு மாதிரி. டியூப் லைட் வெளிச்சம்கூடத் தாங்கவில்லை. பேப்பரை விரித்தால் எழுத்தின் மேல் யாரோ பால் கொட்டிய மாதிரி. மல்லிகா என் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"என்னங்க... கருப்பு முழியில வெள்ளையா ஒரு புள்ளி இருக்கு."

"பீளையா இருக்கும்."

"தொடச்சேன். போகல."

அன்றைக்கே கண் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயசுப் பெண். வெளியே வரிசை வாசல் தாண்டி நின்றது. அதில் முக்கால்வாசி பேர் ஒரு கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு இருந்தார்கள். டாக்டர் முகத்தில் என்னைவிட அலுப்பு. மஞ்சளாக ஒரு மருந்தைத் தொட்டு வைத்து, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்:

"வீட்டுல என்ன மருந்து விட்டீங்க சார்?"

"சாதாரண சொட்டு மருந்துதான் டாக்டர்," என்றேன் அலட்சியமாக.

மல்லிகா கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "இதுதான் டாக்டர். என் கண்ணு ஆபரேஷனுக்குக் குடுத்தது."

டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது ஸ்டீராய்டு. ஆபரேஷன் ஆன கண்ணுல வீக்கம் வராம இருக்கக் குடுக்கறது. முள்ளு, இலை, வைக்கோல் பட்ட கண்ணுல இத விட்டா சிவப்பு போகும், வலி குறையும். ஆறிட்டு வர்ற மாதிரியே இருக்கும். உள்ள காளான் நல்லா வளரும்."

"காளானா?"

"பூஞ்சைன்னு வச்சுக்குங்க. முள்ளு நுனியில இருக்கும். கீறல் வழியா உள்ள போயிடும்."

எங்கள் பக்கத்து மண்ணில் எதைப் போட்டாலும் விளையும் என்று இதே பத்தியில் பெருமை அடித்திருக்கிறேன். என் கண்ணிலும் விளையும் என்று நினைக்கவில்லை.

கண்ணை மரத்துப்போக வைத்து, புண்ணிலிருந்து துளி சுரண்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். சந்தேகமே இல்லை, காளான்தான். மருந்து எழுத ஆரம்பித்தவர் பேச்சுவாக்கில் கேட்டார்: "இன்னொரு கண்ணுல பார்வை எப்படி சார்?"

சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அப்ப இது ஒண்ணுதான்."

"ஆமாங்க டாக்டர்."

எந்த இடத்திலும் ஒரு ஜோக் அடித்துவிட்டுத்தான் நகர்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு ஒன்றும் வரவில்லை. மல்லிகா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"காப்பாத்திடலாம்," என்றார் டாக்டர். "ஆனா பழைய மாதிரியே ஆயிடும்னு நான் சொல்ல மாட்டேன். தழும்பு இருக்கும். அது எந்த எடத்துல விழுதுங்கறதுதான் விஷயம். மருந்து மணிக்கு ஒரு தரம். ராத்திரியும். விட்டுடாதீங்க. இதுக்குக் கேக்கலன்னா கருவிழி மாத்துற ஆபரேஷன் வரைக்கும் போகும்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கடிகாரம்தான் குடும்பத் தலைவர். அலாரம் அடிக்கும், மல்லிகா வருவாள், இமையை விலக்குவாள், ஒரு சொட்டு. அவள் சாதம் வடித்துக்கொண்டிருப்பாள், அலாரம். நான் குளித்துக்கொண்டிருப்பேன், அலாரம். "கண்ணத் தொறங்க" என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது. ஒருநாள் அவள் பாட்டிலும் கையுமாக என் எதிரில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். எழுப்ப மனசில்லை. நானே விட்டுக்கொண்டேன். அது மூக்கில் விழுந்தது.

ஆடி பிறந்த பிறகுதான் டாக்டர் முகத்தில் கொஞ்சம் தெளிவு. புண் ஆறிவிட்டது. தழும்பு நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி விழுந்திருக்கிறது. சிவப்பு மெல்லத்தான் போகுமாம். பார்வை? "இன்னும் கொஞ்சம் தேறும். எவ்வளவுன்னு போகப் போகப் பாக்கலாம்," என்றார்.

அன்றைக்கு வரிசை குறைவு. அவரே பேசினார். தை மாசத்தில் நெல் அடிக்கும்போது சுணை விழுந்து வருகிறவர்கள், கரும்புத் தோகை கிழித்து வருகிறவர்கள், கருவை வெட்டி வருகிறவர்கள்... வருஷம் பூராவும் இதே கூட்டம். அடிபட்ட அன்றே வந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. ஆனால் யாரும் நேராக வருவதில்லை — தாய்ப்பால், எண்ணெய், மெடிக்கல் ஷாப், மிச்ச மருந்து என்று எல்லா ஸ்டாப்பிலும் இறங்கி ஏறித்தான் வருகிறார்கள். முள் குத்திக்கொண்டு நின்றால் பிடுங்கவே கூடாதாம். அழுத்தவும் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண் மேல் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு வந்துவிட வேண்டுமாம். "ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கிட்டு வெட்டுனா நான் சாயந்தரம் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுவேன் சார்," என்றார். சிரிக்கவில்லை. நிஜமாகவே அதற்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் ஹார்டுவேர் கடைக்குப் போய், பட்டறையில் போட்டுக்கொள்வார்களே, தலையைச் சுற்றி எலாஸ்டிக் வைத்த பெரிய கண்ணாடி, அதை வாங்கி பாஸ்கருக்குக் கொடுத்து அனுப்பினேன். மண்டையில் கொட்டுகிற மாதிரி போனில் ஐந்து தடவை சொன்னேன். "போட்டுக்கிட்டுத்தான் அத்தான் வெட்டுவேன்," என்றான்.

போன வாரம் அந்த பஸ்ஸில் போனது அவனைப் பார்க்கத்தான். சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறான். குத்தாலத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, வாய்க்கால் கரையில் நடந்தோம். வழி நெடுக மல்லிகா பரீட்சை வைத்துக்கொண்டே வந்தாள். இது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு? கம்பத்துல ஒக்காந்துருக்கறது காக்காயா மைனாவா? நான் குத்துமதிப்பாகச் சொல்வேன். அவள் சரியா தப்பா என்று சொல்ல மாட்டாள்.

வயல் திரும்புகிற இடத்தில், "அங்க நிக்கிறது யாருன்னு தெரியுதா?" என்றாள்.

பார்த்தேன். நாற்றங்கால் மூலையில் நீலச் சட்டை. முகத்தில் கண்ணாடி, வெயிலில் பளபளவென்று. என்ன ஒரு சந்தோஷம். சொன்னால் கேட்கிறானே.

"பாஸ்கர்தான். கண்ணாடி போட்டுருக்கான் பாரு," என்று சொல்லிவிட்டு, கையை உயர்த்தி ஆட்டினேன். அவன் ஆட்டவில்லை. பலமாக ஆட்டினேன்.

"அத்தான், இங்க இருக்கேன்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

வாய்க்கால் கரைக் கருவைப் புதருக்குள் பாஸ்கர். தலையில் துண்டு, கையில் அரிவாள், வெறுங்கண். மூலையில் நின்றது வைக்கோல் பொம்மை.

 மல்லிகா, "எனக்கும் அவன்தான்னு தோணுச்சுங்க," என்றாள். ஆபரேஷன் செய்த பிறகு அவளுக்குப் பருந்துப் பார்வை. இருந்தாலும் தலையாட்டினேன்.

"மயில் தாங்கல அத்தான்," என்றான் பாஸ்கர். "மொளச்ச வெதயெல்லாம் கிளறிப்புடுது. இந்தக் கண்ணாடி வெயில்ல மின்னுது பாருங்க, ஒண்ணு கிட்ட வரல."

"உனக்கு வாங்குனதுடா அது."

"போட்டுப் பாத்தேன். வேர்வையில ஆவி புடிச்சுக்குது. வெட்டுற எடம் தெரியல. எனக்குத்தான் கண்ணு நல்லா இருக்கே அத்தான்."

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றேன்.

திட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அலுப்பில் வந்தது. ஆனால் அவன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டான். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, பொம்மையின் முகத்திலிருந்து கண்ணாடியை உருவி, வேட்டி நுனியில் துடைத்து, பக்கவாட்டில் காற்றுப் போக ஓட்டை இருப்பதைத் திறந்து காட்டி, கையில் கொடுத்தேன். மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டதும் சுற்றிலும் பார்த்து ஒரு நியாயமான கேள்வி கேட்டான்:

"அப்ப மயில யாரு வெரட்டுறது?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். பாஸ்கரும் அந்தக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

அன்று பொழுது சாய்கிற வரை அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து, அதன் வேலையை நான் பார்த்தேன். ஒரு மயில்கூட விதையில் வாய் வைக்கவில்லை. கருவை முழுக்க வெட்டி முடித்து, வியர்வையும் ஆவியுமாக, இரண்டு கண்ணோடு பாஸ்கர் வந்து சேர்ந்தான்.

டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும் — மயில் அளவுக்கு எது வந்தாலும் எனக்கு நன்றாகவே தெரிகிறது.